நீர்மூழ்கிக் கப்பல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விசாகப்பட்டினத்தில் ஆர்.கே. கடற்கரைக்குப் போனால், கரை ஒதுங்கிய திமிங்கலம் போல மணலில் ஒரு கப்பல் நிற்கும். ஐஎன்எஸ் குர்சுரா. சோவியத் நாட்டில் கட்டியது. 91 மீட்டர் நீளம். 1969 முதல் 2001 வரை நம் கடற்படையில் ஓடியது, 2002-லிருந்து அருங்காட்சியகம். வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். உள்ளே சுற்றியது அரை மணி நேரம்தான். சென்னைக்குத் திரும்பும் ரயிலில் இரவு முழுக்கக் கேள்விகள். அவர்கள் கேட்டவையும், அப்புறம் பெரியவர்கள் கேட்டவையும் சேர்ந்ததுதான் இந்தப் பக்கம்.

படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீர்மூழ்கி என்றதும் நமக்கு டார்பிடோவும் ஏவுகணையும் நினைவுக்கு வருகின்றன. அதன் பிழைப்போ ஒளிந்திருப்பதில் இருக்கிறது. இருக்குமிடம் தெரிந்துவிட்டால் அது மெதுவாகப் போகும் ஒரு இரும்புக் குழாய், அவ்வளவுதான். கீழே வரும் பதில்களில் பாதி, எப்படி ஒளிவது என்பதைப் பற்றியவையே.

இவ்வளவு கனமான இரும்பு, நினைத்தபோது மூழ்கி நினைத்தபோது மிதப்பது எப்படி?

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களுக்கு இந்த வித்தை எப்போதோ தெரியும். கயிற்றில் கட்டிய கனமான கல்லின் மேல் கால் வைத்து இறங்குவார்கள். கடலடி வந்ததும் கல்லை விட்டுவிடுவார்கள். தோணியில் இருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். எடை கூடினால் இறக்கம், குறைந்தால் ஏற்றம்.

நீர்மூழ்கிக்குக் கல்லுக்குப் பதில் கடல்நீர். அதன் உடம்போடு ஒட்டிப் பெரிய தொட்டிகள் இருக்கும், பேலஸ்ட் தொட்டிகள் என்பார்கள். தொட்டியின் அடியில் தண்ணீர் நுழைய வழி, மேலே காற்று வெளியேற வால்வு. வால்வு மூடியிருக்கும்வரை உள்ளே காற்று அடைபட்டு நிற்கும், கப்பல் மிதக்கும். டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் ஏறாமல் டம்ளர் கையை எதிர்த்துத் தள்ளும். டம்ளரின் அடியில் ஓட்டை போட்டால்? காற்று புஸ்ஸென்று போய்விடும், டம்ளர் இறங்கிவிடும். மேல் வால்வைத் திறப்பது அந்த ஓட்டையைப் போடுவது போலத்தான்.

மேலே வர வேண்டுமா, வால்வை மூடிவிட்டு, உருளைகளில் அடைத்து வைத்திருக்கும் உயர் அழுத்தக் காற்றைத் தொட்டிக்குள் விடுவார்கள். காற்று தண்ணீரைக் கீழ்வழியாக வெளியே தள்ளும். அந்தக் காற்று விலைமதிப்பற்றது. ஆபத்தில் கைகொடுக்கப்போவதும் அதுதான். எனவே கப்பலின் தலை வெளியே வந்ததும் மிச்சத் தண்ணீரைச் சாதாரணக் காற்றை ஊதியே தள்ளிவிடுவார்கள்.

தொட்டி நிரம்பிவிட்டால் அடிவரை போய்விடாதா?

போகாது. தொட்டிகள் நிரம்பியபின் கப்பலின் எடையும், அது இடம்பெயர்க்கும் நீரின் எடையும் ஏறக்குறைய சமமாக இருக்கும்படி கணக்குப் போட்டிருப்பார்கள். மிதக்கவும் செய்யாது, மூழ்கவும் செய்யாது, அந்தரத்தில் நிற்கும். அப்புறம் முன்னும் பின்னும் இருக்கும் துடுப்பு போன்ற தகடுகளைச் சாய்த்து, ஓடும் வேகத்திலேயே ஏறி இறங்கும்.

சொல்ல எளிது. ஆனால் அந்தச் சமநிலையைக் காப்பது ஓயாத வேலை. டார்பிடோ ஒன்றை விட்டால் ஒன்றரை, இரண்டு டன் குறையும். உடனே அந்த அளவு தண்ணீரை உள்ளே எடுக்க வேண்டும். சமையலறைச் சாமான் தீரத்தீர எடை மாறும். ஆட்கள் கூட்டமாக முன்பக்கம் நகர்ந்தால் மூக்கு தாழும். ஆழம் கூடினால் உடம்பே இறுகிச் சுருங்கும். சுருங்கினால் இடம்பெயர்க்கும் நீர் குறையும், கப்பல் இன்னும் கனமானது போல ஆகிவிடும்.

இதில் எனக்குப் பிடித்தது வங்காள விரிகுடாவின் குறும்பு. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீரால் அதன் வடபகுதி மேல்நீரில் உப்பு குறைவு. அரபிக்கடலில் உப்பு அதிகம். உப்புக் குறைந்த நீர் அடர்த்தியும் குறைந்தது, தாங்கும் பலமும் குறைந்தது. 2,000 டன் கப்பல் ஒன்றுக்கு இந்த வித்தியாசம் ஏழெட்டு டன் வரை வரும். அதாவது, யாரும் எதையும் ஏற்றாமலே இரண்டு யானைகள் ஏறி உட்கார்ந்தது போல. இதற்கெல்லாம் ஈடுகட்டத்தான் உள்ளே சின்னச் சின்னத் தொட்டிகளும் பம்புகளும், எந்நேரமும் கணக்குப் பார்க்க ஒரு ஆளும்.

எவ்வளவு ஆழம் போகும்?

துல்லியமான எண்ணை எந்தக் கடற்படையும் வெளியே சொல்வதில்லை. பெரும்பாலான போர் நீர்மூழ்கிகள் 250 மீட்டரிலிருந்து 500 மீட்டருக்குள் வேலை செய்பவை என்று வைத்துக்கொள்ளலாம். சோவியத்தின் கொம்சொமோலெத்ஸ் டைட்டானியத்தால் செய்த உடம்போடு 1984-ல் 1,020 மீட்டர் வரை போய் வந்தது. அது விதிவிலக்கு.

தடை அழுத்தம்தான். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ கூடிக்கொண்டே போகும். 300 மீட்டரில் உள்ளங்கை அளவு இடத்தில் மூன்று டன். அந்தச் சுமையை எல்லாப் பக்கமும் சமமாகப் பகிர்ந்து தாங்கத்தான் உள்ளுடம்பு உருளை வடிவில் இருக்கிறது, வளையம் வளையமாக விலா எலும்புகள் வைத்து.

நீர்மூழ்கிக்காரர்கள் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வேடிக்கை காட்டுவார்கள். மேலே இருக்கும்போது இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் குறுக்கே ஒரு நூலை இழுத்துக் கட்டுவார்கள். ஆழம் போகப்போக நூல் தொய்ந்து தொங்கும். சுவர்கள் நெருங்கி வருகின்றன என்று அர்த்தம்! பார்த்துவிட்டு அன்றிரவு தூங்குவது அவரவர் சாமர்த்தியம்.

ஜன்னல் வழியாக மீன்களைப் பார்க்கலாமா?

ஜன்னலே கிடையாது. உல்லாசப் பயணிகளுக்கான சிறு நீர்மூழ்கிகளிலும் ஆய்வுக் கலங்களிலும்தான் உண்டு.

உள்ளே மூச்சுவிடக் காற்று எங்கிருந்து வருகிறது?

அணுசக்திக் கப்பலில் மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. கடல்நீரைச் சுத்திகரித்து, அதில் மின்சாரம் பாய்ச்சி, ஆக்சிஜனைப் பிரித்துக்கொள்வார்கள். குடிநீரும் கடலிலிருந்தே. டீசல் கப்பல் அடிக்கடி மேலே வந்து காற்றை மாற்றிக்கொள்ளும். அவசரத்துக்கு 'ஆக்சிஜன் மெழுகுவத்தி' உண்டு. பற்றவைத்தால் ஆக்சிஜனைக் கக்கும் ரசாயனக் கட்டி அது.

ஆக்சிஜன் தீர்ந்து போவதை விட முதலில் வரும் ஆபத்து, நாம் வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடு. மூடிய இடத்தில் அது சேரச்சேரத் தலைவலி, மயக்கம், அப்புறம் மரணம். அதை உறிஞ்சி எடுக்கும் கருவி நின்றுவிட்டால் எத்தனை ஆக்சிஜன் இருந்தும் பயனில்லை.

டீசல், அணுசக்தி இரண்டில் எது உசத்தி?

வேலையைப் பொறுத்தது. டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும், ஆழத்தில் ஓடாது. எனவே மேலே இருக்கும்போது எஞ்சினை ஓட்டி பேட்டரியை ஏற்றிக்கொண்டு, கீழே பேட்டரியில் மோட்டாரை ஓட்டுவார்கள். மெதுவாகப் போனால் பேட்டரி சில நாள் தாங்கும். முழு வேகத்தில் ஓடினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் காலி. ஏற்றுவதற்கு முழுக்க மேலே வரத் தேவையில்லை, ஸ்நார்க்கல் என்ற மூச்சுக்குழாயை மட்டும் நீட்டினால் போதும். அலை வந்து குழாயின் வாயை மூடினால் எஞ்சின் கப்பலுக்குள் இருக்கும் காற்றையே இழுக்க ஆரம்பிக்கும். எல்லார் காதும் அடைத்துக்கொள்ளும். அப்படி நீட்டியிருக்கும் நேரம்தான் டீசல் கப்பல் மாட்டிக்கொள்ளும் நேரமும்.

அணு உலை வைத்த கப்பலுக்கு இந்தத் தொல்லை இல்லை. உலையின் வெப்பத்தில் நீராவி, நீராவியில் டர்பைன். காற்றே வேண்டாம். 1955-ல் முதன்முதலாக அணுசக்தியில் ஓடிய அமெரிக்காவின் நாட்டிலஸ், 1958 ஆகஸ்ட் 3 அன்று பனிக்கட்டிக்கு அடியிலேயே வடதுருவத்தைக் கடந்தது. இவ்வகைக் கப்பலை மேலே வரவைப்பது சாப்பாட்டுச் சாமான் தீர்வதும் ஆட்கள் களைப்பதும்தான்.

ஆனால் உலையைக் குளிர்விக்கும் பம்புகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் கொஞ்சம் சத்தம் இருந்துகொண்டே இருக்கும். பேட்டரியில் ஊர்ந்து போகும் டீசல் கப்பலிடம் அந்தச் சத்தமும் இல்லை. ஸ்வீடனின் காட்லண்ட் என்ற சின்ன நீர்மூழ்கி, வெளிக்காற்று இல்லாமலே இரண்டு வாரம் வரை கீழே இருக்கக்கூடியது. 2005-ல் அமெரிக்கா அதைப் பயிற்சிக்காக வாடகைக்கு வரவழைத்தது. விமானம் தாங்கிக் கப்பலைச் சுற்றி நின்ற பாதுகாப்பு வளையத்துக்குள் நுழைந்து, பயிற்சிக் கணக்கில் அதை 'மூழ்கடித்து' விட்டுப் போனது. கரையோரக் கடலைக் காக்க டீசல், மாதக்கணக்கில் தூரக்கடலில் திரிய அணுசக்தி. என் கட்சி இதுதான்.

தண்ணீருக்கடியில் எதிரியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

காதால். கடலுக்குள் ஒளி சீக்கிரம் மங்கிவிடும், ரேடார் அலை நுழையவே நுழையாது. ஒலி மட்டும் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில், காற்றில் போவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல், வெகுதூரம் போகும். ஒலியால் தேடும் கருவியான சோனாரில் இரண்டு வகை. ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பது ஒன்று. பேசாமல் காதை மட்டும் தீட்டிக்கொண்டிருப்பது இன்னொன்று. படங்களில் வரும் 'பிங்' ஓசை முதல் வகை. உண்மையில் நீர்மூழ்கிகள் அதை அபூர்வமாகத்தான் பயன்படுத்தும். இருட்டறையில் டார்ச் அடித்தால் எதிரி தெரிவானோ இல்லையோ, நாம் இருக்குமிடம் அவனுக்கு நன்றாகத் தெரிந்துவிடும்.

கடல் இதிலும் விளையாடும். வெயிலில் மேல்நீர் சூடாகி, கீழே குளிர்நீர் இருந்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒலி வளைந்துவிடும். அந்த அடுக்குக்குக் கீழே போய் நின்றால் மேலே போகும் கப்பலின் சோனாருக்குப் பெரும்பாலும் தெரியாது. நம் வெப்பக் கடல்களில் இந்த அடுக்கு அருமையான மறைவிடம்.

எவ்வளவு அமைதியாக ஓட முடியும் என்பதற்கு ஒரு சாட்சி. 2009 பிப்ரவரியில் அட்லாண்டிக் கடலில் பிரிட்டனின் வேன்கார்டும் பிரான்ஸின் லெ திரியோம்ஃபாங்கும் மோதிக்கொண்டன. இரண்டும் அணு ஆயுதம் சுமப்பவை. அத்தனை பெரிய கடலில், ஒன்று வருவது மற்றதற்குக் கேட்கவில்லை. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

கரையிலிருந்து அவர்களுக்கு எப்படித் தகவல் சொல்வது? செல்போன், வாக்கிடாக்கி ஏதாவது உண்டா?

இதற்குப் பதில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது.

சாதாரண வானொலி அலைகள் உப்புநீரில் சில சென்டிமீட்டர் போனதுமே செத்துவிடும். அதிர்வெண் குறையக் குறைய அலை ஆழமாக நுழையும். 20 கிலோஹெர்ட்ஸுக்கும் கீழே கொண்டுபோனால் பத்து இருபது மீட்டர் ஆழம்வரை எட்டும். சிக்கல் என்னவென்றால், அவ்வளவு குறைந்த அதிர்வெண்ணில் ஒரு அலையின் நீளமே 15 கிலோமீட்டரைத் தாண்டும். அதை அனுப்ப ஆண்டெனா எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள். நாங்குநேரி வட்டத்தில் விஜயநாராயணம் பக்கம் போனால் அந்தக் கம்பங்களைப் பார்க்கலாம். இந்தியாவிலேயே மிக உயரமான கட்டுமானங்கள் அங்கேதான் இருக்கின்றன, நானூறு மீட்டருக்கும் மேல். சுற்றிலும் பனையும் முள்ளும் காற்றாலையுமாக இருக்கிற அந்தப் பொட்டலில் கடற்படைக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. 1990-ல் தொடங்கிய அந்த நிலையத்தின் பெயர் ஐஎன்எஸ் கட்டபொம்மன். இந்தியப் பெருங்கடலுக்கு அடியில் பதுங்கியிருக்கும் நம் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி போவது இங்கிருந்து.

இது ஒருவழிப் பாதை. கரை பேசும், கப்பல் கேட்கும். பதில் சொல்ல அவ்வளவு பெரிய கம்பத்தைக் கப்பலில் கட்ட முடியாதே. குரலும் போகாது. எழுத்துகள் மட்டும், அதுவும் நிதானமாக, சுருக்கமாக, சங்கேதமாக. கப்பல் தனக்குப் பின்னால் நீளமான கம்பி ஒன்றை மிதக்கவிட்டுக் கேட்டுக்கொள்ளும். பதில் சொல்லியே ஆக வேண்டுமென்றால் மேல்மட்டத்துக்கு வந்து, ஆண்டெனாவைச் சில நொடி நீட்டி, செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி இறங்கிவிடும். பேச வாய் திறப்பதும் ஒளிந்திருப்பதைக் கெடுக்கும் வேலைதான்.

ஜிபிஎஸ் எடுக்குமா? வழி எப்படித் தெரியும்?

எடுக்காது. புறப்பட்ட இடம், ஒவ்வொரு திருப்பம், வேகத்தில் ஒவ்வொரு மாற்றம் எல்லாவற்றையும் சுழல்காட்டிகளும் முடுக்கமானிகளும் அளந்து, கணினி கூட்டிக் கழித்து இடத்தைச் சொல்லும். நாள்படச் சின்னப் பிழைகள் சேரும். எப்போதாவது மேலே வந்து சரிபார்த்துக்கொள்வார்கள். வரைபடமே தவறினால்தான் வினை. 2005 ஜனவரியில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ என்ற அணுசக்தி நீர்மூழ்கி குவாம் தீவுக்குத் தெற்கே முழு வேகத்தில் கடலடி மலை ஒன்றில் மோதியது. ஒருவர் இறந்தார். கையிலிருந்த வரைபடத்தில் அந்த மலை சரியாகக் குறிக்கப்படவில்லை.

1914-ல் சென்னையைத் தாக்கிய எம்டன் நீர்மூழ்கிதானே?

இல்லை. எத்தனை முறை சொன்னாலும் இது மறையமாட்டேன் என்கிறது. எம்டன் கடல்மேல் ஓடும் ஜெர்மன் போர்க்கப்பல், இலகுரகக் குரூசர். அதற்கு மூழ்கத் தெரியாது. (நவம்பரில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் அதைச் சல்லடையாக்கி, கோகோஸ் தீவில் தரைதட்ட வைத்தது வேறு கதை.) 1914 செப்டம்பர் 22 இரவு துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. உயர்நீதிமன்றச் சுவரில் அதன் நினைவுக்கல் இன்றும் இருக்கிறது. "அவன் பெரிய எம்டன்" என்ற பேச்சும் அதிலிருந்து வந்ததுதான். எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று யாருக்கும் தெரியாமல் நடந்ததால், கேட்டவர்கள் மனதில் அது தானாகவே கடலுக்கடியில் போய்விட்டது போலும்.

வேடிக்கை என்னவென்றால், அதே செப்டம்பர் 22 காலையில் ஒரு நிஜ நீர்மூழ்கி உலகத்தை உலுக்கியிருந்தது. யு-9 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி, டச்சுக் கரைக்கு அப்பால், ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று பிரிட்டிஷ் குரூசர்களை மூழ்கடித்தது. இறந்தவர்கள் 1,400-க்கும் மேல். அதுவரை நீர்மூழ்கியை விளையாட்டுச் சாமானாக நினைத்துக்கொண்டிருந்த கடற்படைகள் அன்றைக்கு விழித்துக்கொண்டன.

சரி, இவ்வளவு செலவு செய்து இவை எதற்கு?

முதல் வேலை கப்பல்களை மூழ்கடிப்பது. அதைவிட, மூழ்கடிக்கப்படுவோமோ என்ற பயத்தைக் கடலில் விதைப்பது. 1971 டிசம்பர் 9 அன்று பாகிஸ்தானின் ஹாங்கோர், டையூவுக்கு அப்பால் நம் ஐஎன்எஸ் குக்ரியை மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திரநாத் முல்லாவோடு சேர்த்து 194 பேர் போனார்கள். 1982 மே 2 அன்று பிரிட்டனின் காங்கரர், அர்ஜென்டினாவின் பெல்கிரானோவை மூழ்கடித்ததில் 323 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அர்ஜென்டினாவின் பெரிய போர்க்கப்பல்கள் கரையை விட்டு விலகத் துணியவில்லை. ஒரே ஒரு நீர்மூழ்கி ஒரு கடற்படையையே துறைமுகத்துக்குள் கட்டிப்போட்டது.

இரண்டாவது, அணு ஆயுதத்தோடு சும்மா இருப்பது. ஒரு நாட்டின் விமானதளங்களையும் ஏவுகணைகளையும் எதிரி ஒரே நாளில் அழித்தாலும், கடலுக்கடியில் எங்கோ ஒன்று மிச்சமிருக்கும், அது திருப்பி அடிக்கும். இந்த எண்ணம் எதிரியின் கையைக் கட்டும் என்பது கணக்கு. முதலில் பயன்படுத்தமாட்டோம் என்று சொல்லியிருக்கும் இந்தியாவுக்கு இது இன்னும் முக்கியம். 2016-ல் ஐஎன்எஸ் அரிஹந்தும், 2024 ஆகஸ்டில் ஐஎன்எஸ் அரிகாட்டும் சேர்ந்தன. அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா, இந்தியா ஆகிய ஆறு நாடுகளிடம் மட்டும், அணுசக்தியில் ஓடி அணு ஏவுகணை சுமக்கும் இவ்வகைக் கப்பல்கள் உள்ளன. ஒருபோதும் தம் வேலையைச் செய்யாமல் ஓய்வுபெற்றால்தான் இவை வெற்றி பெற்றதாக அர்த்தம்!

மூன்றாவது ஒட்டுக்கேட்பது. 1970களில் அமெரிக்க நீர்மூழ்கிகள் சோவியத்தின் ஓகோட்ஸ்க் கடலுக்குள் போய், கடலடித் தொலைபேசிக் கம்பியில் ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி, அவ்வப்போது போய் நாடாவை மாற்றிக்கொண்டு வந்தன.

ஆட்களை ரகசியமாகக் கொண்டுசெல்லவும் பயன்பட்டிருக்கின்றன. 1943 பிப்ரவரியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் யு-180-ல் ஏறிய சுபாஷ் சந்திர போஸ், ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கருக்கு அப்பால் கொந்தளிக்கும் கடலில் ரப்பர் படகு மூலம் ஜப்பானின் ஐ-29-க்கு மாறி, மே மாதம் சுமத்ராவை ஒட்டிய சபாங்கில் கரையேறினார். மலேயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தது அதன் பிறகுதான் வேகம் பிடித்தது.

காஸியை மூழ்கடித்தது யார்?

1971 டிசம்பர் 3–4 இரவு, நம் விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி விசாகப்பட்டினத்துக்கு வெளியே வெடித்து மூழ்கியது, தொண்ணூறுக்கும் மேற்பட்டோருடன். ஐஎன்எஸ் ராஜ்புத் போட்ட ஆழ்கடல் குண்டுகளால் என்கிறது இந்தியா. அது விதைக்க வந்த கண்ணிவெடியே வெடித்தது என்கிறது பாகிஸ்தான். விக்ராந்த் அப்போது அந்தமான் பக்கம் இருந்தது.

அடுத்த நாட்டுக் கடலுக்குள் மூழ்கியபடி போகலாமா?

கரையிலிருந்து 12 கடல்மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர்வரை அந்தந்த நாட்டுக்குச் சொந்தம். அதற்குள் போனால் மேலே வந்து, கொடியைக் காட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது கடல் சட்டம். எல்லாரும் கடைப்பிடிக்கிறார்களா? 1981 அக்டோபரில் ஒரு சோவியத் நீர்மூழ்கி, ஸ்வீடனின் கடற்படைத் தளத்துக்குப் பக்கத்திலேயே பாறையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. காலையில் உலகமே பார்த்தது.

அனுமதியோடு வருவது வேறு. 2014 செப்டம்பரில் சீன நீர்மூழ்கி ஒன்று கொழும்புத் துறைமுகத்துக்கு வெளிப்படையாகவே வந்து நின்றது. சட்டப்படி தவறில்லை. டெல்லிக்குத்தான் தூக்கம் போனது.

உள்ளே வாழ்க்கை எப்படி?

குர்சுராவில் ஒருமுறை குனிந்து நுழைந்து பாருங்கள், பாதி புரிந்துவிடும். எழுபத்தைந்து பேர் இருந்த இடம் அது. படுக்கை டார்பிடோவுக்குப் பக்கத்தில். பல கப்பல்களில் ஆளுக்கொரு படுக்கைகூடக் கிடையாது. ஒருவர் காவல் முடிந்து வரும்போது இன்னொருவர் எழுந்து போவார், சூடு ஆறாத படுக்கையில் இவர் படுப்பார். டீசல் கப்பலில் தண்ணீர் ரேஷன், குளிப்பதெல்லாம் கரைக்குப் போய்த்தான். துணியில் ஏறிய டீசல் வாடை வீட்டுக்கு வந்தபிறகும் போகாது. இரவும் பகலும் தெரியாது. பாத்திரம் கீழே விழுந்தாலும் அது கடலுக்குக் கேட்கும், அதனால் நடையே பூனை நடையாகிவிடும்.

நீண்ட ரோந்தில் இருப்பவர்களுக்கு வீட்டிலிருந்து சில வரிச் செய்தி வரும். பதில் எழுத முடியாது. பிரிட்டிஷ் கடற்படையில், வீட்டில் சாவு என்றால் திரும்பி வரும்வரை சொல்ல வேண்டாமா, உடனே சொல்ல வேண்டுமா என்று புறப்படும்முன்பே கேட்டு வைத்துக்கொள்வார்கள்.

விபத்து நடந்தால் காப்பாற்ற முடியுமா?

ஆழத்தைப் பொறுத்தது. 1939-ல் அமெரிக்காவின் ஸ்குவாலஸ் 74 மீட்டரில் மூழ்கியபோது, மணி வடிவக் கூண்டு ஒன்றை இறக்கி 33 பேரை மீட்டார்கள். 2000 ஆகஸ்டில் ரஷ்யாவின் குர்ஸ்க் 108 மீட்டரில்தான் கிடந்தது. 118 பேரில் 23 பேர் வெடிப்புக்குப் பிறகும் பின்கூடத்தில் உயிரோடு இருந்தார்கள். உதவி போய்ச் சேருமுன் எல்லாரும் இறந்துவிட்டார்கள். உடம்பு தாங்கும் ஆழத்தைத் தாண்டிவிட்டால் மீட்பு என்ற பேச்சே இல்லை. 2017-ல் அர்ஜென்டினாவின் சான் ஹுவானில், ஸ்நார்க்கல் வழியாக வந்த கடல்நீர் பேட்டரி அறைக்குள் இறங்கித் தீப்பிடித்ததாகக் கடைசிச் செய்தி வந்தது. 44 பேருடன் போன அந்தக் கப்பல் ஓராண்டு கழித்து 907 மீட்டரில் நொறுங்கிக் கிடந்தது. 2021 ஏப்ரலில் இந்தோனேசியாவின் நங்கலாவைத் தேட இந்தியாவும் தன் மீட்புக் கலத்தை அனுப்பியது. அது போய்ச் சேரும் முன்பே, 53 பேருடன் உடைந்து 838 மீட்டரில் கிடப்பது தெரிந்துவிட்டது.

நம் பங்குக்கு 2013 ஆகஸ்ட் 14. மும்பைத் துறைமுகத்தில் கட்டி நிறுத்தியிருந்த ஐஎன்எஸ் சிந்துரக்ஷக்கில் ஆயுதங்கள் வெடித்து 18 பேர் இறந்தார்கள். கரையில் இருக்கும்போதுகூட இந்த வேலை விளையாட்டில்லை.

டைட்டானிக்கைப் பார்க்கப் போய் நொறுங்கியதே, அதுவும் நீர்மூழ்கியா?

அது ஆழ்கடல் கலம். தாய்க்கப்பலிலிருந்து இறங்கி, சில மணி நேரத்தில் திரும்பி வருவது. இவற்றுக்கு நல்ல வடிவம் உருண்டை, நல்ல உலோகம் டைட்டானியம் அல்லது தடித்த எஃகு. 2023 ஜூனில் ஐந்து பேரோடு நொறுங்கிய டைட்டனின் நடு உடம்பு கார்பன் இழையால் செய்த உருளை. நிபுணர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள்.

முறையாகச் செய்தவை வெகுதூரம் போய் வந்திருக்கின்றன. 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் திரியெஸ்தே என்ற கலத்தில் சுமார் 10,900 மீட்டர் இறங்கி மரியானா அகழியின் அடியைத் தொட்டார்கள். மேலே வர அவர்கள் செய்தது என்ன தெரியுமா? சுமந்துபோன இரும்புக் குண்டுமணிகளைக் கொட்டிவிட்டார்கள். முத்துக்குளிப்பவர் கல்லை விடுவது போலவேதான். 1977-ல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே கடலடி வெந்நீர் ஊற்றுகளையும், சூரிய ஒளியே இல்லாமல் அதைச் சுற்றி வாழும் உயிர்களையும் கண்டது ஆல்வின் என்ற கலம்.

நம் முயற்சி சென்னைப் பள்ளிக்கரணையில் நடக்கிறது. தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கும் மத்ஸ்யா 6000, மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டும். உட்காரும் உருண்டையின் உள்விட்டம் 2.1 மீட்டர், டைட்டானியம். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள்.

கடைசியாக: குர்சுராவின் பக்கவாட்டில் ஏன் அத்தனை ஓட்டைகள்? துருப்பிடித்ததா?

என் அக்கா மகள் கேட்டது. துருவில்லை, வேண்டுமென்றே போட்டவை. நாம் வெளியே பார்ப்பது மேல்சட்டை போன்ற ஒரு மெல்லிய தகடு. மூழ்கும்போது அந்த ஓட்டைகள் வழியாகக் கடல் அதற்குள் புகுந்து, உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஒன்றாகிவிடும். அதனால் அது நசுங்காது. மேலே வரும்போது தண்ணீர் அதே வழியாக வடிந்துவிடும். அழுத்தத்தைத் தாங்கும் உண்மையான உடம்பு அதற்கு உள்ளே இருக்கிறது. அருங்காட்சியகத்தில் நீங்கள் நடந்து போவது அந்த உள்ளுடம்புக்குள்தான். வட்டக் கதவுகளில் தலை இடிக்கும், குனிந்து போங்கள்.